ஜெப்கோ கடலடி வரைபடம்: மூழ்கிய கரைகளைத் தேடுபவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கடல் ஏறி வந்த காலத்தில் தொல்குடிகள் என்ன செய்தார்கள் என்று ஆராய உட்காருபவருக்கு முதலில் வேண்டியது ஒரு வரைபடம். அன்றைக்குக் கரை எங்கே இருந்தது? எந்த மேடு தீவானது, எந்தப் பள்ளத்தாக்கு கால்வாயானது? இதற்காக உலகம் முழுக்க ஆய்வாளர்களும் மாணவர்களும் முதலில் திறப்பது ஜெப்கோ என்ற இலவசக் கடலடித் தரவுச் சேவையைத்தான். 1903-ல் மொனாக்கோவின் இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தொடங்கிவைத்த கடல் வரைபட முயற்சி அது. இப்போது சர்வதேச நீர்வரைவியல் அமைப்பும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் சேர்ந்து நடத்துகின்றன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேள்வி நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும்வரை இதைவிட நல்ல இலவசச் சேவை கிடையாது. கேள்வி ஒரு கால்வாய், ஓர் ஊற்று, ஒரு கற்கருவி என்று சிறுத்துவிட்டால் இதை மட்டும் நம்பக் கூடாது. தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். எங்கே அந்த எல்லைக்கோடு, ஏன் என்பதுதான் இந்த மதிப்பீடு.

சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் முருஜுகா. பில்பரா கடற்கரையில் பர்ரப் தீபகற்பமும் டாம்பியர் தீவுக்கூட்டமும் சேர்ந்த பகுதி. நகர்லுமா, யிஞ்சிபர்ண்டி, யபுராரா, மர்துதுனேரா, வோங்-கூ-டூ என்ற ஐந்து மக்களின் நாடு. பத்து லட்சத்துக்கு மேல் பாறைச் செதுக்கல்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கடல் ஏற்றத்தை மனிதர்கள் எதிர்கொண்ட சான்று நிலத்திலும் நீருக்கு அடியிலும் ஒருசேரக் கிடைத்திருக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று என்பது. கருவி சொல்வது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

தரவை எடுப்பது எளிது. ஜெப்கோவின் பதிவிறக்கப் பக்கத்தில் நான்கு எல்லைகளைக் கொடுக்க வேண்டும். முருஜுகாவுக்கு மேற்கே 116, கிழக்கே 117.5, வடக்கே −19, தெற்கே −21 போதும். தென் அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால் பிலிப்பைன்ஸுக்கு வடமேற்கே உள்ள தென்சீனக் கடல் வந்து இறங்கும். இது அடிக்கடி நடக்கிற தவறு. வடிவம் ஜியோடிஃப் என்று தேர்ந்தெடுங்கள். கூடவே, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் டிஐடி என்ற இரண்டாவது கோப்பையும் கட்டாயம் டிக் செய்யுங்கள். ஏன் என்பது கீழே. ஒரு பாகைக்கு 240 கட்டங்கள் என்பதால் இந்தப் பரப்புக்கு 360 பெருக்கல் 480, மொத்தம் 1,72,800 கட்டங்கள். கோப்பு சிறியது, பழைய மடிக்கணினியே தாங்கும். முழு உலகக் கோப்பை இறக்கத் தேவையில்லை. அதில் 373 கோடிக்கு மேல் கட்டங்கள், விரித்தால் பல ஜிபி பிடிக்கும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்ததும் முதல் வேலை, பாகையில் இருக்கும் தரவை மீட்டருக்கு மாற்றுவது. இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் முருஜுகா 50-ஆம் தெற்கு மண்டலத்தில் வரும். குறியீட்டு எண் 32750. இதைச் செய்யாமல் சரிவு கணக்கிட்டால், உயரம் மீட்டரிலும் தூரம் பாகையிலும் இருப்பதால் தரை முழுவதும் செங்குத்துச் சுவர்போலக் காட்டும். மாற்றும்போது ஆழக் கோப்புக்கு 'பைலீனியர்' முறை சரி. டிஐடி கோப்புக்கு 'நியரஸ்ட் நெய்பர்' மட்டும்தான். அதில் இருப்பவை அளவுகள் அல்ல, அடையாள எண்கள். 11-ஐயும் 41-ஐயும் சராசரி போட்டால் 26 என்ற அர்த்தமில்லாத எண் வந்து நிற்கும்.

அடுத்து சம ஆழக் கோடுகள். 10 மீட்டர் இடைவெளி போதும். அதைவிட நெருக்கமாக வரைந்தால் படம் பார்க்க அழகாக இருக்கும், தரவில் இல்லாத துல்லியத்தைக் காட்டும். பிறகு கரையிலிருந்து வடமேற்காக ஆழ்கடல் விளிம்புவரை ஒரு கோடு இழுத்து, 3.26-ஆம் பதிப்பிலிருந்து கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்தே வரும் 'எலிவேஷன் புரொஃபைல்' கருவியில் குறுக்குவெட்டைப் பாருங்கள். ஜெப்கோவுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு உள்ளதைவிட 125 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. முருஜுகாவிலிருந்து கரை சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 1,280 மீட்டர் தூரம். ஏறக்குறைய மேசைபோல் தட்டையான சமவெளி. 16,500 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 8,200 ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கு 12 மீட்டர் ஏறியது, அதாவது ஆண்டுக்கு 12 மில்லிமீட்டர். கேட்கச் சின்ன எண். இந்தச் சரிவில் போட்டால் கரை ஆண்டுக்கு 15 மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. 25 ஆண்டுத் தலைமுறைக்கு ஏறத்தாழ 380 மீட்டர். சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் சரிந்து உருகியபோது ஏற்றம் ஆண்டுக்கு 40 மில்லிமீட்டரைத் தொட்டது. அப்போது ஆண்டுக்கு 50 மீட்டர், தலைமுறைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர். பாட்டி சிப்பி பொறுக்கிய இடத்தைப் பேத்தி படகில் போய்த்தான் காட்ட முடியும். கடல் ஏற்றம் ஒருவர் கண்ணெதிரே, ஒரே ஆயுளுக்குள் தெரிந்த மாற்றம் என்பது இந்தச் சாதாரண வகுத்தலில் புரிந்துவிடுகிறது. இப்படிக் கணக்குப் போட ஜெப்கோ தாராளமாகப் போதும்.

சராசரியோடு நின்றுவிடவும் வேண்டாம். குறுக்குவெட்டில் தரை ஒரே சீராக இறங்காது. நெடுந்தூரம் தட்டை, பிறகு ஒரு படி, மீண்டும் தட்டை. தட்டையான பகுதியில் கடல் பாய்ந்து வந்திருக்கும், படியில் பல நூறு ஆண்டுகள் தங்கியிருக்கும். கடல் தங்கிய இடத்தில்தான் மணல்மேடு, காயல், அலையாத்திக்காடு எல்லாம் ஊன்றி வளர அவகாசம் கிடைத்திருக்கும். மனிதர்களுக்குச் சாப்பாடும் அங்கேதான். ஆகவே தேடலுக்கு உரிய இடம் அந்தப் படிகளின் விளிம்பு.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023-ல் வெளியான வடமேற்கு ஆஸ்திரேலியக் கடலடித் திட்டு (கண்டத்தை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) பற்றிய ஆய்வு நல்ல உதாரணம். கடலுக்குள் போன நிலம் கிட்டத்தட்ட 3,90,000 சதுர கிலோமீட்டர் என்று அது கணக்கிட்டது. மூன்று தமிழ்நாடு. இன்றைக்கு 14,500 ஆண்டுகளுக்கும் 14,100 ஆண்டுகளுக்கும் முன் இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் மட்டும் 1,00,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூழ்கியது. அதே காலத்தில் உள்நிலமான கிம்பர்லி, ஆர்னம்லேண்ட் பகுதிகளின் குடியிருப்புகளில் கற்கருவிகள் திடீரென்று கூடுகின்றன. கரையை இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு, வரைபடத்தையும் அகழாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பதில் தெரிந்தது. 50,000 முதல் 5,00,000 பேர்வரை அந்த நிலம் தாங்கியிருக்கலாம் என்கிறது ஆய்வு. பத்து மடங்கு இடைவெளி உள்ள மதிப்பீடு அது. மேல் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமில்லை.

இனி குறைகள். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேவையைத் தொடவே கூடாது.

முதலாவது, கட்டத்தில் இருக்கும் எண் உண்மையில் யாராவது அளந்ததா என்பது. டிஐடி கோப்பு அதைச் சொல்லும். 10 என்றால் ஒற்றைக்கற்றை எதிரொலி, 11 என்றால் பலகற்றை எதிரொலி, 15 என்றால் லைடார் (லேசர் ஒளியால் அளப்பது): இவை நேரடி அளவு. 40 என்றால் செயற்கைக்கோள் ஈர்ப்புவிசைத் தரவிலிருந்து ஊகித்தது. 41 என்றால் அக்கம்பக்க எண்களை வைத்துக் கணினி இட்டு நிரப்பியது. 42 என்றால் பழைய கடல் வரைபடத்தின் கோட்டிலிருந்து எடுத்தது. உலகக் கடலடியில் 2025 நடுவில் நேரடியாக அளந்து முடிந்தது 27.3 சதவீதம்தான். இட்டு நிரப்பிய கட்டங்களும் அளந்த கட்டங்களும் படத்தில் ஒரே நீல நிறத்தில் இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டிஐடி கோப்பை மேலே போட்டு, 40-ஐயும் அதற்கு மேற்பட்ட எண்களையும் சாம்பல் நிறமாக்குங்கள். சாம்பல் மூடிய இடத்தில் ஓர் ஆற்றுப்படுகை தெரிகிறது என்று கட்டுரை எழுத வேண்டாம். பழைய கப்பல் பாதைகளில் அளந்த எண்கள் சுற்றியுள்ள ஊக எண்களோடு ஒட்டாமல் நேர்கோட்டுப் பள்ளமாகவும் மேடாகவும் தெரியும். அதை மனிதன் கட்டிய சுவர் என்று நம்பிப் பரப்பியவர்கள் உண்டு.

இரண்டாவது, அளவின் நுண்மை. கட்டத்தின் பக்கம் 15 விகலை: பூமத்தியரேகையில் சுமார் 463 மீட்டர், முருஜுகாவின் அட்சரேகையில் கிழக்கு மேற்காக 434 மீட்டர். அதைவிட முக்கியம், ஆழம் முழு மீட்டரில் மட்டுமே பதிவாகிறது. 2020-ல் வெளியான முருஜுகா ஆய்வில், கேப் புருகியர் தீவை ஒட்டிய கால்வாயில் இன்றைய கடல்மட்டத்துக்கு 2.4 மீட்டர் ஆழம்வரை 269 கற்கருவிகள் கிடைத்தன. பிளையிங் ஃபோம் கால்வாயில் 14 மீட்டர் ஆழத்தில், ஒரு காலத்தில் நன்னீர் ஊற்றாக இருந்த பள்ளத்தில் ஒரு கருவி கிடைத்தது. முதல் இடத்துக்குக் குறைந்தது 7,000 ஆண்டுகள், இரண்டாவதற்குக் குறைந்தது 8,500 ஆண்டுகள் என்று கணித்தார்கள். இந்த 2.4 என்ற எண்ணை ஜெப்கோவில் எழுதவே முடியாது. −2 என்றுதான் வரும். ஊற்றுப் பள்ளமோ ஒரு கட்டத்துக்குள்ளேயே கரைந்துபோகும். அந்த ஆய்வுக்குழு அங்கே போய்ச் சேர்ந்தது விமானத்திலிருந்து எடுத்த லைடார், எதிரொலி அளவீடு, கடைசியில் முக்குளிப்பவர்களின் கண் ஆகியவற்றால்.

மூன்றாவது, ஆழத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஜெப்கோ எண்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆழம் குறைந்த கரையோரங்களில் வேறு அடிமட்டத்திலிருந்து எண்ணிய தரவுகளும் கலந்திருப்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கப்பலோட்டிகளுக்கான வரைபடங்கள் கடல் மிகத் தாழ வற்றும் மட்டத்திலிருந்து ஆழத்தை எண்ணும், கப்பல் தரைதட்டாமல் இருக்க. டாம்பியர் பகுதியில் பௌர்ணமி, அமாவாசைப் பெருக்குகளில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். அடிமட்டம் மாறிப்போனால் 2 மீட்டருக்கு மேல் பிசகு. கேப் புருகியரின் மொத்த ஆழமே அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கருவிகள் உண்மையிலேயே மூழ்கிய தரையில் கிடந்தவையா, வற்று நேரத்தில் வெளியே தெரியும் இடத்திலிருந்து அலை உருட்டிக்கொண்டு போனவையா என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டதும் இதனால்தான். 14 மீட்டர் இடத்துக்கு அந்தச் சந்தேகம் பொருந்தாது. 2023-ல் வந்த அடுத்த ஆய்வு அங்கே மேலும் கற்கருவிகளை உறுதிசெய்தது.

சரிவையும் பிழையையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள். மீட்டருக்கு 1,280 மீட்டர் என்ற அந்தச் சமவெளியில் ஆழம் 5 மீட்டர் பிசகினால் கரைக்கோடு 6 கிலோமீட்டருக்கு மேல் நகரும். ஆகவே கரையைக் கோடாக வரையாமல் பட்டையாக வரையுங்கள். −45, −50, −55 மூன்றையும் எடுத்து நடுப்பகுதியை நிழலிடுவது நேர்மையான முறை.

நான்காவது, இணைப்பு. கட்டங்களின் எண்களை வைத்துக் கணக்குப் போடும் கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் 'இந்த ஆழத்துக்குக் கீழே எல்லாம் கடல்' என்று கட்டளை கொடுத்தால், நாற்புறமும் நிலம் சூழ்ந்த பள்ளமும் கடலாகிவிடும். வெளிவந்ததைப் பலகோணமாக மாற்றி, திறந்த கடலைத் தொடும் பலகோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனியாகக் குறியுங்கள். அவை ஏரியாக இருந்திருக்கலாம், வறண்ட குழியாகவும் இருந்திருக்கலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: குறுகிய வாய் ஒன்று கட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் ஜெப்கோ அதை அடைத்துவிடும். மேலே சொன்ன வடமேற்குத் திட்டில் 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஓர் உள்கடல் இருந்தது. அதுபோன்ற இடங்களில் தண்ணீர் உப்பா, நன்னீரா, அங்கே மீன் பிடித்தார்களா என்பதெல்லாம் அந்த வாய் எவ்வளவு அகலம் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது, இன்றைய கடலடி அன்றைய தரை அல்ல. ஆறு கொண்டுவந்த வண்டல் மூடியிருக்கும், பவளப்பாறை வளர்ந்திருக்கும், கால்வாயில் நீரோட்டம் அரித்திருக்கும். முருஜுகாவில் வண்டல் வரத்து குறைவு, கடினமான பாறை. அதனால்தான் கருவிகள் வெளியே தெரிந்தன. பெரிய ஆற்றுக் கழிமுகத்தில் இதே முறையைப் போட்டால் பத்து, இருபது மீட்டர் சேற்றின் மேற்பரப்பைத்தான் வரைந்துகொண்டிருப்போம். இதோடு தரையின் அசைவும் உண்டு. கடல் ஏறும்போது அந்த நீரின் பாரத்தில் திட்டே அமிழ்கிறது. பரந்த திட்டில் ஒரு மீட்டர் நீருக்கு முடிவில் 30 சென்டிமீட்டர்வரை அமிழலாம். எனவே உலகச் சராசரிக் கடல்மட்ட வளைகோட்டை அப்படியே எந்தக் கரைக்கும் ஒட்டவைக்கக் கூடாது. அந்தந்த இடத்துக்கான மண்ணசைவுக் கணிப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் 'இத்தனை ஆயிரம் ஆண்டு' என்று கோட்டின்மேல் எழுதலாம்.

காலத்தைப் பொறுத்தவரை ஜெப்கோ எதுவும் சொல்லாது, சொல்வதாகவும் அது உரிமை கோரவில்லை. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆக்ஸ்கால் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கதிரியக்கக் கரிமக் கணிப்பை நாட்காட்டி ஆண்டாக மாற்றித் தரும். தென் அரைக்கோளத்துக் கரித்துண்டுக்கு எஸ்எச்கால்20 வளைகோடு, சிப்பிக்கு மரைன்20. இங்கே ஒரு பெரிய பொறி. கடல்நீரில் பழைய கரிமம் இருப்பதால் சிப்பி தன் வயதைவிடக் கிழமாகத் தெரியும். அதற்கான வட்டாரத் திருத்தம் டெல்டா-ஆர். பழைய கட்டுரைகளில் இருக்கும் டெல்டா-ஆர் எண்கள் முந்தைய வளைகோடான மரைன்13-க்குக் கணக்கிட்டவை. அவற்றை மரைன்20-இல் அப்படியே போட்டால் ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிசகும். அந்த வட்டாரத்துக்குப் புதிதாகக் கணக்கிட்ட எண்ணை எடுத்துப் போடுங்கள். சிப்பியின் இனமும் முக்கியம். முருஜுகாவின் பழைய கிளிஞ்சல் மேடுகளில் அலையாத்திச் சேற்றில் ஊரும் பெரிய நத்தையான டெரெப்ரேலியா மிகுதி. அது மக்கிய இலையைத் தின்பது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை இருந்தால் பாறையின் பழைய கரிமமும் ஓட்டில் ஏறலாம். நீரை வடிகட்டித் தின்னும் அனடாரா சிப்பி கிடைத்தால் அதையே அனுப்புங்கள். எதுவானாலும் ஓட்டின் கனிமம் பிற்காலத்தில் மறுபடிகமாகி மாறியிருக்கிறதா என்று எக்ஸ்ரே சோதனை பார்த்த பிறகு.

இப்படி வரைபடமும் தேதியும் கைக்கு வந்தபின், நிலத்தில் இருக்கும் சான்றுகளை வரிசையில் வைத்தால் முருஜுகா மக்கள் எடுத்த முடிவுகள் தெரியத் தொடங்குகின்றன. கடல் இன்னும் வெளியே இருந்தபோதே, இன்று ரோஸ்மேரி தீவாக இருக்கும் மேட்டில் கல் அடுக்கி வட்ட வீடுகள் கட்டினார்கள். காலம் 9,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன். மேடு தீவாகத் துண்டிக்கப்பட்டதும் ஏறக்குறைய அதே காலகட்டத்தில். நிலம் சுருங்கச் சுருங்க ஓரிடத்தில் நெருக்கிக் குடியிருக்க நேர்ந்தது என்று படிக்க இடமிருக்கிறது. பாறைச் செதுக்கல்களில் நிலத்து விலங்குகளுக்குப் பின் மீனும் கடலாமையும் வருகின்றன. கடல் வாசலுக்கு வந்ததும் அலையாத்திச் சேற்று உணவுக்கு மாறியதை டெரெப்ரேலியா குவியல்கள் காட்டுகின்றன. தென்மேற்கே பாரோ தீவின் பூடி குகையில் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள், தொலைவில் இருந்த கரையிலிருந்து கடலுணவைக் குகைக்குக் கொண்டுவந்தார்கள்; சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் தீவு துண்டானதும் குகை கைவிடப்பட்டது. ஒரே வட்டாரத்தில், ஒரே கடல் ஏற்றத்துக்கு, தங்கியதும் உணவை மாற்றியதும் விட்டுப்போனதும் எல்லாமே பதிலாக இருந்திருக்கின்றன. ஜெப்கோவில் −10, −20, −30 கோடுகளை வண்ணம் மாற்றிப் போட்டு இந்த இடங்களை மேலே புள்ளியிட்டால், எந்த இடம் எப்போது முனை, எப்போது தீவு என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வாய்மொழி மரபுகளைச் சோதிக்கவும் பலர் இந்தச் சேவையைப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றி 21 இடங்களில் கடல் ஏறிய நினைவு தொல்குடிக் கதைகளில் இருப்பதாகவும், சில 7,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்றும் 2016-ல் ஓர் ஆய்வு வாதிட்டது. கதையில் நிலமாக இருந்த இடத்தின் ஆழத்தைப் பார்ப்பது, கடல் எப்போது அந்த ஆழத்தில் இருந்தது என்று கடல்மட்ட வளைகோட்டில் தேடுவது: முறை இவ்வளவுதான். மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடா கங்காரு வேட்டையாடிய சமவெளியாக இருந்தது என்பது பூன் வுர்ரங் மக்களின் நினைவு. விரிகுடா 1,930 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழப் பாதி 8 மீட்டருக்கும் குறைந்த ஆழம். வளைகோட்டில் தேடினால் எட்டு, பத்தாயிரம் ஆண்டுப் பக்கம் போய் நிற்கும். ஆனால் 2011-ல் வந்த மண்ணியல் ஆய்வு, விரிகுடாவின் குறுகிய வாய் மணலால் அடைபட்டு, 2,800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்புவரை உள்ளே பெரும்பகுதி வறண்டு கிடந்திருக்கலாம் என்று காட்டியது. அப்படியென்றால் அதே கதை ஆயிரம் ஆண்டு நினைவாகவும் இருக்கலாம். மக்கள் சொன்னது இரண்டு கணக்கிலும் உண்மைதான். தடுமாறுவது ஆழத்தை மட்டும் பார்த்து வயது சொல்லும் முறை. வாய் குறுகிய எந்த விரிகுடாவிலும் இதை நினைவில் வையுங்கள்.

தமிழ் வாசகர்கள் இறக்கியதும் முதலில் கன்னியாகுமரிக்குத்தான் போவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. −120 மீட்டர் கோட்டைப் போட்டால் பாக் நீரிணை முழுவதும் தரையாகி இலங்கை நம் கரையோடு சேர்ந்துவிடும். குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டும் நிலமாகும். அதற்குத் தெற்கே தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பனியுகக் கடல்மட்டம் எதுவும் அங்கே ஒரு கண்டத்தை வெளிக்கொண்டு வராது. கிடைக்கும் நிலமே கணிசமானது, ஆராய்ச்சி காத்துக்கிடப்பது. பாக் விரிகுடாவில் ஆழம் மிகக் குறைவு என்பதால் மேலே சொன்ன அடிமட்டப் பிசகும் வண்டல் பிசகும் அங்கே இரட்டிப்பாக உறைக்கும். டிஐடி பார்க்காமல் ஒரு கோடும் வரைய வேண்டாம்.

மாற்று வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவுக்கு அரசின் ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 250 மீட்டர் கட்டத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டு போன்ற சில பகுதிகளுக்கு 30 மீட்டர் கட்டமும் உண்டு. தனித்தனி அளவைப் பயணங்களின் மூலத் தரவை ஆஸ்சீபெட் தளத்தில் தேடலாம். எங்கள் பரிந்துரை: திட்டின் வடிவத்துக்கும் கரை நகர்ந்த வேகத்துக்கும் ஜெப்கோ, வட்டாரத்துக்குள் இறங்கியதும் 250 அல்லது 30 மீட்டர் தரவு, குறிப்பிட்ட கால்வாய்க்கு லைடாரோ பலகற்றை எதிரொலியோ மட்டும். 250 மீட்டர் தரவிலும் பழைய வரைபட எண்கள் உள்ளே இருக்கின்றன, கட்டம் சிறுத்ததாலேயே அளவு நேரடியாகிவிடாது.

கடலுக்குள் இறங்கும் திட்டம் இருந்தால், வரைபடம் கையில் இருப்பது அனுமதி ஆகாது. முருஜுகாவில் ஆய்வு முருஜுகா பழங்குடி நிறுவனத்தோடு சேர்ந்துதான் நடந்தது. பிளையிங் ஃபோம் என்ற பெயரை வரைபடத்தில் எழுதும்போது, 1868-ல் யபுராரா மக்கள் படுகொலை செய்யப்பட்ட நிகழ்வுக்கும் அதே பெயர்தான் என்பதை அறிந்து எழுதுங்கள். இங்கே வாய்மொழி மரபின் ஒரு பகுதி எப்படி அறுந்தது என்பதற்கு அதுவும் விடை. ஆஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டு நீரடி மரபுச் சட்டம் 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பல், விமானச் சிதைவுகளைத் தானாகவே காக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள தொல்குடி இடத்துக்கோ அமைச்சர் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. இது அநியாயம். அது மாறும்வரை, கட்டுரையிலோ இணையத்திலோ இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளைப் போடாதீர்கள். கட்டத்தைப் பத்து கிலோமீட்டருக்குப் பெரிதாக்கிக் காட்டினால் வாதத்துக்கு எந்தக் குறையும் வராது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. தரவு பொதுவுடைமை, காசும் கிடையாது. ஆனால் ஜெப்கோ ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது, ஒரே இடத்தின் ஆழம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். படத்தின் அடியில் பதிப்பு ஆண்டையும், எடுத்த எல்லைகளையும், எந்த டிஐடி எண்களை விலக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாத கரைக்கோட்டை இன்னொருவரால் திரும்ப வரைந்து பார்க்க முடியாது.